ரம்பமும் கம்பியும்

ஏலக்காரர் விழுந்தது ஒரு முட்டைக்கோஸ் குவியலின் மேல். அதனால் மண்டை தப்பியது. காய்கறி மொத்தச் சந்தையில் அவர் குரல் போகிற தூரத்துக்கு லாரி ஹாரன்கூடப் போகாது என்று பெயர். அன்று காலை வழக்கம்போலக் கூவிக்கொண்டே வந்தவர், கடைசித் தரம் சொல்ல வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. கண் இருட்டியது. அப்படியே சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்குவதற்கு முன்னால், அந்தச் சரக்கு யாருக்கு முடிந்தது என்பதில் இரண்டு வியாபாரிகள் அவருடைய வயிற்றுக்கு மேலேயே கட்டிப் புரண்டு, ஒருவருக்கு உதடு கிழிந்தது. சந்தை என்றால் அப்படித்தான், படித்தவர்கள் இருக்கிற இடத்துக்குப் போனால் மரியாதையாக நடத்துவார்கள் என்று ஏலக்காரர் மயக்கத்திலும் நினைத்துக்கொண்டார்.

படித்தவர்கள் இருக்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், ஏலக்காரர் உட்பட.

பெரிய இதய மருத்துவமனை. நெஞ்சில் பசை தடவி, கருவி வைத்து, படம் எடுத்து, பெரிய ஸ்கேனுக்குள்ளும் தள்ளி எடுத்தார்கள். பிறகு ஒரு இளம் டாக்டர் வந்தார். ரொம்ப நல்ல பையன். சிரிக்கும்போது மட்டும் முன்பல் ஒன்று இல்லாதது தெரிந்தது.

"இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல்ல ஒரு வால்வு இருக்கு சார். கதவு மாதிரி. உங்களுக்கு அது கல்லாட்டம் இறுகிப்போச்சு. திறக்க மாட்டேங்குது. மாத்தியே ஆகணும். தள்ளிப்போட்டா ஆபத்து."

"மாத்திடுங்க தம்பி."

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, இதயத்தை நிறுத்தி வெச்சுட்டு, பழசை வெட்டி எடுத்துப் புதுசைத் தைக்கறது. இன்னொண்ணு, தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியா ஒரு மெல்லிசான குழாயை மேல அனுப்பி, சுருக்கி வெச்ச புது வால்வைப் பழசுக்குள்ளேயே விரிச்சு விடறது."

"இதுல எது நல்லது?" என்றாள் டீச்சர்.

இளம் டாக்டர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"வயசு கம்மின்னா அறுவை. ரொம்ப வயசானவங்கன்னா குழாய். சாருக்கு எழுபது. நடுவுல மாட்டிக்கிட்டார். எழுபதுக்கு என்னன்னு நான் போன மாசம் ஒருத்தர்கிட்ட என் கருத்தைச் சொன்னேன்." அவர் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். "இதயக் குழு கூடி முடிவு பண்ணும் மேடம். அதுவரைக்கும் இந்த நடைபாதைப் பக்கம் மட்டும் தனியா போகாதீங்க."

நடைபாதையைப் பற்றிய மிச்ச விவரத்தை வார்டு சிஸ்டர் சொன்னாள். கட்டடத்தின் இடது பக்கம் அறுவைக்காரர்கள். அவர்களுடைய தலைவரை வார்டு முழுக்க ரம்பம் என்று சொல்வார்கள். வலது பக்கம் குழாய்க்காரர்கள். அவர்கள் தலைவருக்குப் பெயர் கம்பி. ஒரு காலத்தில் நோயாளிகள் எல்லாரும் இடது பக்கம்தான். பிறகு கம்பி வந்தார். படுக்கைகள் ஒவ்வொன்றாக வலது பக்கம் போயின. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு நடைபாதை. அதன் சுவரில், ஆள் உயரத்தில், ஒரு பள்ளம்.

"அது என்ன சிஸ்டர்?"

"மயக்க டாக்டரோட தலை. ரெண்டு பேரும் சொல்றதுல நியாயம் இருக்குன்னு சொல்லிட்டார்."

"ஐயோ. இப்போ எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். கண்ணாஸ்பத்திரிக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டார்."

மத்தியானம் ரம்பம் வந்தார். ஆஜானுபாகுவான ஆள். பின்னால் ஒரு படையே வந்தது. ஏலக்காரரின் சட்டையை விலக்கி, நெஞ்செலும்பைப் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டினார்.

"நல்ல எலும்பு," என்றார். "இதைப் போய்த் திறக்காம விட்டா பாவம். பெரியவரே, யார் வந்து என்ன சொன்னாலும் தொடையைக் காட்டாதீங்க." ஒரு நீல மைப் பேனாவால் கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் பக்கம்வரை ஒரு கோடு இழுத்தார். "இது எங்க இடம்."

அவர் போன சூடு ஆறுமுன் கம்பி வந்தார். ஒல்லி, வாசனைத் திரவியம், மெல்லிய குரல். நீலக் கோட்டைப் பார்த்ததும் அவர் தாடை இறுகியது. போர்வையை விலக்கி, டீச்சர் "என்னங்க இது" என்று கேட்பதற்குள் தொடை இடுக்கில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார்.

"ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதான்," என்றார் கம்பி. "அந்தக் கசாப்புக்கடைக்காரன் உங்களைத் தொட்டா, கத்துங்க. எங்க ஆளுங்க கட்டையோட ரெடியா இருப்பாங்க."

டீச்சர் ஈரத்துணியால் இரண்டையும் தேய்த்துப் பார்த்தாள். போகிற மை இல்லை அது.

மறுநாள் காலை, ரத்தப் பரிசோதனைக்கு என்று சொல்லி அறுவைப் பக்கத்து நீல உடுப்புக்காரர்கள் நான்கு பேர் ஏலக்காரரைத் தள்ளுவண்டியோடு கிளப்பினார்கள். நடைபாதை நடுவில் குழாய்ப் பக்கத்துப் பச்சை உடுப்புக்காரர்கள் வழி மறித்தார்கள். பச்சை ஆள் ஒருவன் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்தான். நீல ஆள் ஒருவன் அந்தக் கையின் மேல் குளுக்கோஸ் மாட்டும் கம்பத்தை இறக்கினான். எலும்பு முறிகிற சத்தம் ஏலக்காரருக்குத் துல்லியமாகக் கேட்டது. முற்றிய முருங்கைக்காயை ஒடிப்பதுபோல. அப்புறம் இரண்டு பக்கமும் வண்டியை இழுத்தார்கள். வண்டி போதாமல் ஏலக்காரரையே இழுத்தார்கள். கை அறுவைப் பக்கம், கால் குழாய்ப் பக்கம். யாரோ ஒருவன் முகத்தில் ஆக்சிஜன் குப்பி பட்டு, பல்லும் ரத்தமும் தெறித்து ஏலக்காரரின் போர்வைமேல் விழுந்தது.

"ஐயா, எனக்கு மூச்சு முட்டுது," என்றார் ஏலக்காரர்.

"கொஞ்சம் பொறுங்க பெரியவரே, உங்களுக்காகத்தானே அடிபடறோம்," என்றான் காலைப் பிடித்திருந்தவன். அவன் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

டீச்சர் வந்து இரண்டு பேரின் காதைப் பிடித்து, தலையோடு தலை மோதவிட்ட பிறகுதான் வண்டி வார்டுக்குத் திரும்பியது.

இதயக் குழு அதற்கடுத்த நாள் கூடியது. கூட்ட அறையில் நாற்காலிகளையெல்லாம் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். தண்ணீர் காகிதக் கோப்பையில். வாசலில் காவலாளி ஒவ்வொரு டாக்டரின் பையையும் தடவிப் பார்த்தார். கத்திகள், கம்பிச் சுருள்கள், ஒரு சுத்தியல்.

"முழங்கால் தட்டிப் பாக்கற சுத்தியல்ப்பா," என்றார் அதன் சொந்தக்காரர்.

"யானைக்கா சார்?" என்று வாங்கி வைத்தார் காவலாளி.

மருத்துவமனை இயக்குநர் தலைமை தாங்கினார். எதற்கும் முகம் மாறாத மனிதர். அவர் பேச்சை ஏலக்காரர் வண்டியில் படுத்தபடி கேட்டார். நோயாளிதான் நமக்கு மையம் என்பது மருத்துவமனையின் கொள்கை. ஆகவே அவரை வண்டியோடு கொண்டுவந்து அறையின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தார்கள். டீச்சரை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். நேற்று அவள் பிடித்த காதுகள் இரண்டும் வாசலில் நின்றிருந்ததால் அவை வழிவிட்டு ஒதுங்கின. வார்டு சிஸ்டரும் அவளோடு நுழைந்தாள்.

"நம் மருத்துவமனையில் சண்டை என்பதே கிடையாது," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "இருப்பது கருத்துப் பரிமாற்றம். கருத்துப் பரிமாற்றத்தில் காயப்பட்டவர்களுக்கு என்று இந்தியாவிலோ வெளியிலோ வேறு எங்கும் இல்லாத தனி வார்டு ஒன்றையும் திறந்திருக்கிறோம். அதில் படுக்கை காலியாக இருந்ததே இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன்."

கைதட்டினார்கள். கட்டுப் போட்ட கைகள் மேசையைத் தட்டின.

ரம்பம் எழுந்தார். "நெஞ்சைத் திறக்காமல் வால்வை மாற்றுகிறேன் என்பது, கதவைத் திறக்காமல் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்பதுபோல. நான் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் தைக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் மேசையில் படுத்த ஒருத்தர்கூட, அறுக்கும்போது வலித்தது என்று புகார் சொன்னதில்லை. எழுந்து வந்த பிறகு சொல்கிறார்கள். அது வேறு துறை. மேலும், என் கைக்கு வேலை இல்லாமல் போனால் என் கை நடுங்குகிறது. ஒரு மாபெரும் கையை நடுங்க விடுவதா என்பதுதான் இன்று இந்த அவையின் முன் உள்ள கேள்வி."

கம்பி உட்கார்ந்தபடியே பேசினார். "என் நோயாளி மூன்றாம் நாள் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போகிறார். தழும்பு கிடையாது. இருபது வருஷம் கழித்து அந்த வால்வு என்ன ஆகும் என்கிறார்கள். இருபது வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்றிருப்பேன். அது எப்படி என்னுடைய பிரச்சினை ஆகும்?"

குழாய்ப் பக்கம் ஆமோதித்து உறுமியது.

ஏலக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "ஐயா, என் ஸ்கேனை யாராவது பாத்தீங்களா? என் வால்வு எப்படி இருக்குன்னு..."

அறை அவரைத் திரும்பிப் பார்த்தது. மேசை பேசியதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"இது கொள்கைப் பிரச்சினை பெரியவரே," என்றார் ரம்பம். "இதுல உங்க வால்வைக் கொண்டுவந்து நுழைக்காதீங்க."

அந்த ஒரு விஷயத்தில் கம்பியும் ஒத்துப்போனார். தலையாட்டினார். அந்த அறையில் இரு துறைகளும் ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

"உன்னோட போன வாரத்து நோயாளி எங்கய்யா?" என்றார் ரம்பம் திடீரென்று.

"உன்னோட நோயாளிக்குப் பக்கத்துலதான்!"

"ரெண்டு பேரும் பிணவறைல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்காங்க," என்று வார்டு சிஸ்டர் டீச்சரின் காதில் சொன்னாள். "அங்க மட்டும் சண்டை இல்லை."

முதலில் பறந்தது உலோக வால்வின் மாதிரி ஒன்று. ரம்பம் பாக்கெட்டில் வைத்திருந்தார். அது கம்பியின் புருவத்தில் பட்டுத் தோலைப் பிளந்தது. கம்பி ரத்தத்தைத் துடைக்கவில்லை. தன் இடுப்பைச் சுற்றிப் பெல்ட்போலக் கட்டியிருந்த குழாயை உருவினார். காவலாளி அதைப் பெல்ட் என்றே நினைத்திருந்தார். மேசைமேல் தாவி, ரம்பத்தின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். ரம்பத்தின் முகம் சிவந்து, கறுத்து, நீலமானது. அந்த நீலத்தை இரு துறை இளம் டாக்டர்களும் படிக்கிற பிள்ளைகளின் கவனத்தோடு பார்த்தார்கள். பிறகு அவர்களும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள்.

திருகி வைத்த நாற்காலிகளைத் திருகோடு பிடுங்கினார்கள். ஒரு நாற்காலிக் கால் ஒருவனுடைய முழங்காலைப் பின்பக்கமாக மடக்கியது. யாரோ மின்ரம்பத்தை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்கள். அது கிர்ரென்று இரைந்து மேசையை அறுத்து, ஒரு தோள்பட்டையையும் கொஞ்சம் அறுத்தது. ரத்தம் வெண்திரையில் தெறித்தது. திரையில் அப்போது 'ஒன்றாக முடிவெடுப்போம்' என்ற வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. மயக்க மருந்துக்காரர் ஒருவர், கண்ணாஸ்பத்திரிக்குப் போனவருக்குப் பதிலாக வந்தவர், எதிர்ப்பட்ட தொடைகளிலெல்லாம் ஊசியைக் குத்திக்கொண்டே சுவரோரமாக வெளியேறினார். குத்தப்பட்டவர்கள் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்களை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் அடித்தார்கள்.

ரம்பம் எப்படியோ குழாயைப் பிய்த்துக்கொண்டு கம்பியின் தலைமயிரைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தார். கம்பி கதவை உதைத்தார். ரம்பத்தின் வலது கை விரல்கள் கதவிடுக்கில் இருந்தன. மடமடவென்று முறிந்தன. ரம்பம் அலறியபடி இடது முழங்கையால் கொடுத்த அடியில் கம்பியின் மூக்கு முகத்துக்குள் போயிற்று.

இயக்குநர் தன் உரையின் இரண்டாம் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். "பரஸ்பர மரியாதையே..." என்றபோது ஒரு நாற்காலி வந்து அவர் விலாவில் இறங்கியது. "...நம் அடித்தளம்," என்று முடித்துவிட்டுத்தான் விழுந்தார்.

நடுவில் கிடந்த ஏலக்காரருக்கு நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல இருந்தது. இத்தனை வருஷம் சந்தையை அடக்கிய குரல் ஒன்று தன்னிடம் இருக்கிறதே என்று நினைத்தார். ஒரு சத்தம் போட்டால் எல்லாரும் நின்றுவிடுவார்கள். முழு மூச்சையும் திரட்டி வாயைத் திறந்தார். பூனைக்குட்டி இருமுவதுபோல ஒன்று வந்தது. அவ்வளவுதான். உதடு வெளுத்தது. கண் மேலே போயிற்று. இங்கேயே செத்தால் எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவார்கள் என்பதுதான் அவருடைய கடைசி நினைப்பு.

"டேய்!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் மின்ரம்பம்கூட நின்றது. "மனுஷன் செத்துக்கிட்டு இருக்கார்டா!"

ஒருவர் குரல்வளையில் ஒருவர் கை வைத்திருந்த இரண்டு தலைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உடனே அறுவை!" என்றார் ரம்பம்.

"உடனே குழாய்!" என்றார் கம்பி.

மறுபடியும் கட்டிப் புரண்டார்கள்.

டீச்சர் அதற்குமேல் நிற்கவில்லை. அவளும் வார்டு சிஸ்டரும் கதவைக் குறிபார்த்து வண்டியைத் தள்ளினார்கள். வழியில் கிடந்த கால்களைச் சக்கரம் ஏறி இறங்கியது. ஒருவன் குறுக்கே வந்து பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தான். டீச்சர் அவன் வயிற்றில் விட்ட குத்து, பள்ளிக்கூட மைதானத்தில் விட முடியாமல் பல வருஷம் அவள் கைக்குள்ளேயே இருந்த குத்து. வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. எல்லாம் டாக்டர்களை ஏற்றிக்கொள்ள வந்தவை. "முதல்ல நோயாளி," என்றாள் சிஸ்டர். ஓட்டுநருக்கு அந்த வார்த்தை புதிதாக இருந்திருக்க வேண்டும். யோசித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

பக்கத்து ஊர் மருத்துவமனை சின்னது. ஏலக்காரர் கண் திறந்தபோது மூக்கில் ஆக்சிஜன், பக்கத்தில் இரண்டு பேர். ஒரு பெண் சர்ஜன், ஒரு குழாய் டாக்டர். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே மேசை. ஏலக்காரர் பயந்துபோய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"அடிக்க மாட்டோம்," என்றார் அந்த அம்மாள். விஷயம் அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

அவர்கள், சிஸ்டர் கையோடு கொண்டுவந்திருந்த ஸ்கேனைத் திரையில் போட்டார்கள். பொறுமையாகப் பார்த்தார்கள். குழாய் டாக்டர்தான் முதலில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்கம்மா. வால்வுக்கு மூணு இதழ் இருக்கணும். இவருக்குப் பிறவியிலேயே ரெண்டுதான். வால்வுக்கு மேல பெரிய ரத்தக்குழாயும் பலூன் மாதிரி வீங்கியிருக்கு. குழாய் வழியா வால்வை வெச்சா, வீக்கம் அப்படியே இருக்கும். ஒருநாள் வெடிக்கலாம். இது உங்க கேஸ்."

"நீங்க கூடவே இருங்க. ஏதாவது சிக்கல்னா கை வேணும்," என்றார் சர்ஜன். ஏலக்காரர் பக்கம் திரும்பினார். "நெஞ்சைத் திறக்கணும். வலிக்கும். எழுந்து நடமாட நாளாகும். உயிருக்கு ஆபத்தும் கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன வேணும்?"

அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

"கத்தணும்மா," என்றார் அவர். "பழைய மாதிரி கத்தணும்."

அறுத்தார்கள். வலித்தது. இருமினால் நெஞ்சு இரண்டாகப் போய்விடும்போல வலித்தது. ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இரும வேண்டியிருந்தது. ஆனால் மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது.

இதற்குள் பெரிய மருத்துவமனையில் செய்தி பரவியது. கை முழுக்கக் கட்டோடு ரம்பம் அறிக்கை விட்டார்: வென்றது அறுவை. மூக்கில் பஞ்சோடு கம்பி மறுப்பு விட்டார்: குழாய் டாக்டர் கண்டுபிடித்துத்தானே அறுத்தார்கள். இந்த இரண்டையும் அலச இன்னொரு கூட்டம் போட்டார்கள். அதில் ஒரு காது போயிற்று. யாருடையது என்று முடிவாகாததால் அது குளிர்பெட்டியில் இருப்பதாகச் சிஸ்டர் போனில் சொன்னாள். அவளும் வேலையை விட்டுவிட்டிருந்தாள்.

ஏலக்காரர் மறுபரிசோதனைக்குப் போன அன்று, சின்ன மருத்துவமனையின் பெஞ்சில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விலாவைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். துண்டு நழுவியபோது டீச்சர்தான் அடையாளம் கண்டாள். இயக்குநர்.

"நீங்களா?" என்றார் ஏலக்காரர். சந்தையில் மூன்று கடை தள்ளிக் கேட்டிருக்கும்.

"மெதுவா பேசுங்க," என்று கெஞ்சினார் இயக்குநர். "விலா உடைஞ்சதைப் பாக்கப்போய், எனக்கும் வால்வு இறுகியிருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அடுத்த மாசம் எழுபது ஆகுது."

"உங்க ஆஸ்பத்திரியிலேயே பாத்துக்கலாமே சார். அத்தனை பெரிய குழு இருக்கே."

எதற்கும் மாறாத அந்த முகம் மாறியது. அழுதுவிடுவார்போல இருந்தது. ஏலக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க," என்று கேட்டார், "கூட்டம் கீட்டம் எதுவும் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க சார்," என்றார் ஏலக்காரர்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். டீச்சர் எழுந்துபோய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.